எஜமானர் இறந்த வீட்டில் நாய் சாப்பிடாவிட்டால்

சேலத்தில் செல்லப் பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து நான் அடிக்கடி கேட்டுவரும் வாக்கியம் ஒன்று உண்டு: "ஏக்கத்துல கெடக்குதுங்க சார், தானா சரியாயிடும்." வீட்டில் ஒரு சாவு விழுந்து, அதன் பிறகு நாய் தட்டைத் தொடாமல் வாசலைப் பார்த்துப் படுத்திருக்கும்போது சொல்லப்படும் வாக்கியம் இது. பாதி உண்மை என்பதால்தான் இது என்னை அதிகம் பயமுறுத்துகிறது.

சென்ற ஐப்பசி மழையில், ஏற்காட்டில் நாகலூர் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வாடகைக்குப் பிடித்த ஆம்னி வேனில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி என் கிளினிக்குக்கு வந்தார். மடியில் பழைய போர்வை சுற்றிய ஏழு வயது லாப்ரடார் கலப்பு ஆண் நாய் இருந்தது. கணவர் இறந்து அன்றைக்குப் பதினொன்றாம் நாள். நாய் சாப்பிட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. எஜமானர் பின்னாலேயே போகப்போகிறது, மலை இறக்கி அலைக்கழிக்க வேண்டாம் என்று உறவினர்கள் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். அவர் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்பதற்குக் காரணம் அவருடைய கணவர்தான். அவர் ராணுவத்தில் நாய்களைக் கையாண்டவர். குதிரை, கோவேறு கழுதை, நாய் ஆகியவற்றை வளர்த்துப் பழக்கும் ரிமவுண்ட் வெட்டரினரி கோர் என்ற படைப்பிரிவில் சேர்ந்து, மீரட்டில் பயிற்சி பெற்று, காஷ்மீரில் வெடிபொருள் மோப்பம் பிடிக்கும் நாய்களோடு பணியாற்றி, ஹவில்தாராக ஓய்வு பெற்று ஊர் திரும்பி, கொஞ்சம் காப்பியும் மிளகும் வைத்துப் பிழைத்தவர். ஊருக்கு அவர் மிலிட்டரிக்காரர். தினமும் காலையில் காப்பித்தண்ணி குடிக்கும் முன்பே நாயைத் திண்ணையில் நிறுத்தி பிரஷ் போடுவாராம்; காதின் உள்மடிப்பு, கழுத்துப்பட்டைக்கு அடிப்பகுதி, முன்னங்கால் அக்குள், விரல் இடுக்கு, வாலடி என்று ஒரே வரிசையில் விரலை ஓட்டிவிட்டு, கடைசியாக உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பார்ப்பாராம். "வாயில்லா ஜீவன், நாமதான் கேக்கணும்னு சொல்லுவாரு. எனக்கு அடுப்பு வேலை. நான் அதையெல்லாம் கண்டுக்கிட்டதில்லீங்க" என்றார் அந்த அம்மா. ஆனாலும் கண்ணில் பட்டது மனத்தில் நின்றிருக்கிறது. பத்தாம் நாள் இரவு, யாரும் சொல்லாமலே நாயின் உதட்டைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். ஈறு சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. விடிந்ததும் வேன் பிடித்துவிட்டார்.

மேசைமேல் ஏற்றிப் பார்த்தபோது உடல் வெப்பம் 104 டிகிரிக்கு மேல் இருந்தது. நாய்க்கு 101 முதல் 102.5 வரை இருந்தால் இயல்பு. அடிவயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள். இடது காதுக்குள் விரலை விட்டதும், ரத்தம் குடித்து உப்பிய சாம்பல் நிற உண்ணிகள் கொத்தாகத் தட்டுப்பட்டன. ரத்தப் பரிசோதனையில், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் 38 ஆயிரம். குறைந்தது 2 லட்சமாவது இருக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் எர்லிகியா என்ற கிருமியால் வரும் வகை அது. அதே நிலையில் இன்னும் சில நாள் விட்டிருந்தால் மூக்கில் ரத்தம் வழிய இறந்திருக்கும். ஊரும், எஜமானர் மேல் அத்தனை பாசம் என்று ஆயுசுக்கும் பேசியிருக்கும்.

உண்ணி எப்படி ஏறியது என்று விசாரித்தபோதுதான் எனக்கே மனம் கனத்தது. கணவர் நுரையீரல் கோளாறால் சேலத்தில் ஐந்து வாரம் மருத்துவமனையில் கிடந்திருக்கிறார்; அம்மா உடன் இருந்திருக்கிறார்; நாய்க்குப் பக்கத்து வீட்டுப் பையன் சோறு மட்டும் வைத்திருக்கிறான். அந்த ஐந்து வாரமும் பிரஷ் ஆணியிலேயே தொங்கியது. நாய், காப்பிக்கொட்டை கட்டிவைத்த சாக்குகளின் மேல் படுத்துக் கிடந்தது. இந்தக் கிருமியைக் கொண்டுவரும் பழுப்பு உண்ணி சுவர் வெடிப்பிலும் சாக்கு மடிப்பிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும்; கடித்துச் சில மணி நேரத்திலேயே கிருமியை இறக்கிவிடும்; அதன் பிறகு ஒன்று முதல் மூன்று வாரத்தில் காய்ச்சல் காட்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால், கணவர் கை நாயின் மேல் படாமல் போன அந்த வாரங்களில் ஏறிய நோய் இது. அவர் இல்லாததால்தான் நாய் படுத்தது என்று ஊர் சொன்னது, ஊர் நினைத்த பொருளில் இல்லாவிட்டாலும், சரியாகவே இருந்தது.

சாவு வீட்டில் நாய்க்கு நேரும் மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். வேளை தவறும், வந்தவர் போனவர் எல்லாம் வெங்காயக் குழம்புச் சோறும் எலும்பும் போடுவார்கள், காரியத்தன்று கறிச்சோறு மிஞ்சும், கணையம் வீங்கி வாந்தி தொடங்கும். காய்ச்சல் என்று தெரிந்தால் யாராவது மனிதர்களுக்கான பாராசிட்டமாலையோ புருஃபனையோ வெல்லத்தில் வைத்துக் கொடுப்பார்கள். அது கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிட்டுப் போகும். ஆகவே, நாய் ஒரு முழு நாள் சாப்பிடாவிட்டால் காய்ச்சலையும் ஈறையும் பாருங்கள். ஈறு வெளுத்தோ மஞ்சளாகவோ இருந்தாலும், வாந்தி எடுத்தாலும், இரண்டாம் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். உடம்பில் ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகு ஏக்கம் என்று சொல்லலாம்.

நாய்க்குத் துக்கமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஜப்பானில் ஹாச்சிகோ என்ற நாய், 1925இல் இறந்துபோன தன் எஜமானரான பேராசிரியருக்காக ஷிபுயா ரயில் நிலையத்தில் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் காத்திருந்து 1935இல் இறந்தது. பாதுகாத்து வைத்திருந்த அதன் உறுப்புகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தபோது, நுரையீரலிலும் இதயத்திலும் புற்றுநோய் இருந்தது தெரிந்தது; இதயப்புழுவும் இருந்தது. காத்திருந்ததும் உண்மை, நோயும் உண்மை.

மிலிட்டரிக்காரருக்கே இது தெரியும். அனந்த்நாக்கில் தீவிரவாதிகளின் குண்டு பட்ட ஜூம் என்ற ராணுவ நாய், 2022 அக்டோபரில் ஸ்ரீநகர் ராணுவக் கால்நடை மருத்துவமனையில் இறந்த செய்தியை டிவியில் பார்த்த அன்று அவர் சோற்றைத் தொடவில்லையாம். மனைவி வற்புறுத்தவில்லை. மறுநாள் காலை, வழக்கத்தைவிட நெடுநேரம் பிரஷ் போட்டுக்கொண்டிருந்தாராம்.

இந்தக் கிருமியைக் கொல்லும் டாக்ஸிசைக்ளின் மருந்தை 28 நாள் கொடுக்கச் சொன்னேன். சாக்குகளை எரித்து, திண்ணை வெடிப்புகளைப் பூசி, வீட்டுக்கும் உண்ணி மருந்து அடிக்கச் சொன்னேன். நான்காம் நாள் காய்ச்சல் இறங்கி நாய் சாப்பிட்டுவிட்டது. ஆனால் விடியற்காலை நாலரைக்கு எழுந்து படல் அருகே போய் நிற்பது நிற்கவில்லை. அது மருந்துக்குக் கட்டுப்படும் சங்கதி அல்ல. அதே நேரத்துக்கு ஒருவர் கூட்டிக்கொண்டு நடந்தால் மெல்லத் தணியும்.

நடத்திக்கொண்டு போவதில் ஒரு சிக்கல் இருந்தது. கணவர் நாயை 'மோத்தி' என்பார்; மனைவி அதையே தமிழாக்கி 'முத்து' என்பார். கட்டளை எல்லாம் இந்தி. ஒருநாள் இந்த அம்மா, அவர் கூப்பிடுவது போலவே "மோத்தி" என்று கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். நாய் அவரிடம் வராமல் படலுக்கு ஓடிப்போய்த் தெருவைப் பார்த்திருக்கிறது. "அப்புறம் அந்தப் பேரை நான் எடுக்கவே இல்லீங்க" என்றார். எடுக்க வேண்டாம் என்றுதான் நானும் சொன்னேன். முத்து என்றே கூப்பிடுங்கள், கட்டளைகளை மட்டும் அவருடைய சொல்லிலேயே சொல்லுங்கள் என்றேன். அம்மாவுக்கு இந்தி தெரியாது. ஆனால் கணவர் ஒரு நீள நோட்டில் தடுப்பூசித் தேதி, பூச்சி மருந்து கொடுத்த நாள், எடை எல்லாவற்றையும் எழுதிவைத்திருந்தார். கடைசிப் பக்கத்தில் 'பைட் - உக்காரு, ருக் - நில்லு, சாபாஷ் - மறக்காம சொல்லணும்' என்று தமிழ் எழுத்தில் மனைவிக்காகவே குறித்தும் வைத்திருந்தார். நாய் வளர்க்கும் ஒவ்வொருவரும், குறிப்பாக வயதானவர்கள், இப்படி ஒரு நோட்டு போட்டு, அது இருக்கும் இடத்தையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவையுங்கள்.

மருந்து முடிந்து மறுபடி வந்தபோது தட்டணுக்கள் 2 லட்சத்துக்கு மேல் ஏறியிருந்தன. மலைப்பாதையில் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்த நாய், அம்மா "பைட்" என்றதும் என் மேசைமேல் உட்கார்ந்தது. அவர் "சாபாஷ்" என்று சொல்லிவிட்டு, வெட்கப்பட்டுச் சிரித்தார். தேதி பார்ப்பதற்காக அந்த நோட்டை வாங்கினேன். கணவரின் சாய்ந்த கையெழுத்து முடிந்த இடத்துக்குக் கீழே, கொட்டை கொட்டையாக வேறொரு கையெழுத்து தொடங்கியிருந்தது: "பிரஷ் போட்டது. உண்ணி 2. வலது காது. ஈறு ரோஸ்."