பல் செட்டும் பேச்சும்: மெட்டீரியலை மாற்றினால் மட்டும் போதாது

"இந்த மெட்டீரியல் எனக்கு ஒத்துக்கல டாக்டர், விலை கூடுனதாப் போட்டுக் குடுங்க." இந்த வாரமும் ஒரு பெரியவர் கேட்டார். ஏற்கெனவே இரண்டு செட் செய்தவர்: முதலில் அக்ரிலிக் என்ற கெட்டிப் பிளாஸ்டிக், அப்புறம் உலோக அண்ணம். இரண்டிலும் 'சரி' என்றால் விசில் சத்தம். இப்போது செட் டப்பாவிலேயே கிடக்கிறது, அவர் நாலு பேர் நடுவில் பேசுவதையே விட்டுவிட்டார். பார்க்கப் பொறுக்கவில்லை.

மெட்டீரியலுக்குப் பங்கு உண்டு. அக்ரிலிக் உடையாமலிருக்க மேல் அண்ணத்தில் சுமார் 2 மி.மீ. கனம் வேண்டும். கோபால்ட் குரோமியம் என்ற உலோகக் கலவையில் அரை மி.மீ. அளவு போதும், நாக்குக்கு இடம் கிடைக்கும். வளையும் நைலான் செட்டோ ராவிச் சரிசெய்யவே பாடுபடுத்தும். ஆனால் 'த' சொல்ல நாக்கு நுனி மேல் முன்பல்லின் பின்புறம் படவேண்டும். 'ஃபோன்' சொல்ல அந்தப் பல் கீழுதட்டைத் தொடவேண்டும். பல்லே இடம் தள்ளி உட்கார்ந்திருந்தால் தங்கத்தில் செய்து போட்டாலும் பேச்சு வராது.

அந்தப் பெரியவரின் செட்டைத் துடைத்து, அண்ணத்தில் பவுடர் தூவி, 'ச' சொல்லச் சொன்னேன். நாக்கு பட்ட இடத்தில் பவுடர் அழிந்திருந்தது, காற்று போகும் வழி அப்படியே தெரிந்தது. முன்பல்லுக்குப் பின்னால் காற்று போகும் அந்தப் பள்ளம் ஆழமாக இருந்தது. அங்கே கொஞ்சம் அக்ரிலிக் சேர்த்தால் போதும், மூன்றாவது செட் எதற்கு?

மெழுகில் பல் அடுக்கி வாயில் வைத்துப் பார்க்கும் நாளில் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். பேசிக் காட்டுங்கள். அப்போது பல்லை நகர்த்துவது எங்களுக்குச் சுலபம். புது செட்டுக்கு நாக்கு பழக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். தினமும் பேப்பரைச் சத்தமாக வாசியுங்கள். அதற்கு மேலும் குழறினாலோ, பேசும்போது பல் 'டக் டக்' என்று இடித்தாலோ செட்டோடு வாருங்கள். வீட்டில் உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது. கொதிநீரில் போட்டாலும் அக்ரிலிக் கோணிவிடும்.

வீட்டாருக்கு ஒன்று. வருடக்கணக்கில் நன்றாகப் பேசியவருக்குத் திடீரென்று நாக்கு குழறினால், "செட் லூசாயிருக்கும்" என்று எங்களிடம் அழைத்து வராதீர்கள். அது பக்கவாதமாக இருக்கலாம். வாய் கோணுகிறதா, ஒரு கை துவள்கிறதா என்று பாருங்கள். அவை இல்லாவிட்டாலும் சரி, உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள்.