ஹெலிகாப்டரில் கேட்கும் 'ப்' டெரோடாக்டைலில் எங்கே போனது?

ஹெலிகாப்டரை உடைக்கச் சொன்னால் 'ஹெலி', 'காப்டர்' என்றுதான் உடைப்போம். பொருள்படி அது உடையும் இடம் வேறு. 1861இல் பிரான்சில் இந்தப் பெயரை உருவாக்கியவர் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்தார்: சுருளைக் குறிக்கும் 'ஹெலிக்ஸ்', சிறகைக் குறிக்கும் 'ப்டெரோன்'. அதாவது ஹெலிகோ + ப்டெர்.

அதே ப்டெரோன்தான் டெரோடாக்டைல் என்ற பழங்காலப் பறக்கும் ஊர்வனவின் பெயரிலும் இருக்கிறது. நீண்ட ஒரு விரல் சிறகைத் தாங்கியதால் 'சிறகு விரல்' என்று பெயர். ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் எழுத்து 'பி'. ஆனால் அதை உச்சரிப்பதில்லை.

காரணம் அசை. ஆங்கில அசை 'ப்ர', 'ப்ல' என்று தொடங்கலாம். 'ப்ட', 'ப்ன', 'ம்ன' என்று தொடங்காது. சொல்லின் முதலில் நிற்கும் 'ப்' ஒட்டிக்கொள்ள இடமில்லாமல் உதிர்ந்துவிடுகிறது. நடுவில் வந்தால் முந்தைய அசை அதை இழுத்துக்கொள்ளும்: ஹெ-லி-காப்-டர். மூச்சு சம்பந்தப்பட்ட நிமோனியாவில் கேட்காத 'ப்', தூக்கத்தில் மூச்சு நிற்கும் ஆப்னியாவில் கேட்பதும் இதனால்தான். நினைவுக் குறிப்பான நிமோனிக்கில் மறைந்த 'ம்', மறதி நோயான அம்னீசியாவில் திரும்பி வருகிறது.

இது ஆங்கிலத்தின் வழக்கம் மட்டுமே. ஜெர்மன்காரர்கள் சைக்காலஜியின் முதலில் உள்ள 'ப்'பைத் தெளிவாகவே சொல்வார்கள். தமிழிலோ சொல்லின் முதலில் மெய்யே வராது. அதனால்தான் ஸ்டேஷன் 'டேசன்' ஆனது, ஸ்கூல் 'இஸ்கூல்' ஆனது. அப்படிப் பேசுகிறவர்களைக் கேலி செய்வது எனக்குப் பிடிப்பதே இல்லை. ஆங்கிலம் கிரேக்கத்துக்குச் செய்ததும் அதுதானே!

சரி, நீளமான சொல்லை எப்படிப் படிப்பது? பொருள் புரிய வேர்ச்சொற்களாகப் பிரிக்க வேண்டும். வாயில் வர அசைகளாகப் பிரிக்க வேண்டும். அப்புறம் அழுத்தம். 'லஜி', 'கிராஃபி' என முடியும் ஆங்கிலச் சொற்களில் கடைசியிலிருந்து மூன்றாவது அசையில் அழுத்தம் விழும். போட்டோகிராஃபில் 'போ'வில் இருக்கும் அழுத்தம், போட்டோகிராஃபி என்றதும் 'டோ'வுக்கு நகர்ந்துவிடும். அந்த எழுத்தும் ஏறக்குறைய 'டா' என்றே ஒலிக்கும்.

காது மூக்கு தொண்டை மருத்துவத்தின் முழுப்பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஓட்டோரைனோலாரிங்காலஜி. ஓட்டோ காது, ரைனோ மூக்கு, லாரிங் குரல்வளை. முதலில் 'காலஜி'யை மட்டும் 'கா'வில் அழுத்திச் சொல்லுங்கள். அடுத்து 'லாரிங்காலஜி', பிறகு 'ரைனோலாரிங்காலஜி' என்று பின்னாலிருந்து ஒவ்வொரு துண்டாகச் சேருங்கள். அழுத்தம் 'கா'விலேயே நிற்பதால் நாக்கு தடுமாறாது.