வரைபடத்தின் இரண்டு நிழல்கள்

ஒரு சார்பின் வரைபடத்தின் மீது மேலிருந்தும் கீழிருந்தும் வெளிச்சம் அடித்தால், கிடை அச்சில் அதன் நிழல் விழும். அதுதான் சார்பகம்: சார்புக்குள் போடக்கூடிய எண்கள். இடமும் வலமுமாக அடித்தால் நிலை அச்சில் விழும் நிழல் வீச்சகம்: சார்பிலிருந்து வெளிவரும் எண்கள்.

முக்கோணவியல் சார்பான சைனை எடுத்துக்கொள்வோம்; அதன் வரைபடம் ஓர் அலை. அலை இரு பக்கமும் முடிவில்லாமல் ஓடுகிறது. கிடை அச்சில் நிழல் படாத இடமே இல்லை. சார்பகம் எல்லா மெய்யெண்களும். (புத்தகத்தில் 0° முதல் 360° வரைதான் வரைந்திருப்பார்கள். அது தாளின் எல்லை, சார்பின் எல்லை இல்லை.) வீச்சகம் −1 முதல் 1 வரை. அலை 90°-இல் 1-ஐயும் 270°-இல் −1-ஐயும் தொட்டே விடுவதால் இரு முனைகளும் சேர்த்தி. கொசைனும் இதே அலைதான், 90° இடப்பக்கம் நகர்ந்து நிற்கிறது, விடை மாறாது.

டேன் அப்படி இல்லை. 89°-இல் சுமார் 57.29, 89.9°-இல் 572.96; 89.99°-இல் 5729.58. 91°-க்கு வந்தாலோ −57.29! நடுவே 90°-இல்? டேன் என்பது சைனைக் கொசைனால் வகுப்பது. அங்கே கொசைன் பூச்சியம், ஆகவே மதிப்பே கிடையாது. கிடை அச்சின் நிழலில் ஓர் ஊசித்துளை. 180° தள்ளித் தள்ளி இதே துளை வரும்: 270°, 450°, எதிர்ப்பக்கம் −90°. வீச்சகம் மட்டும் எல்லா மெய்யெண்களும். சில வரைபடச் செயலிகள் 90°-இல் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்துவிடும். இரு பக்கத்துப் புள்ளிகளையும் இணைத்ததால் வந்த கோடு அது, நம்ப வேண்டாம்.

சீகன்ட், கொசைனின் தலைகீழி, அதாவது 1-ஐக் கொசைனால் வகுப்பது. துளைகள் அதே இடங்களில்தான். ஆனால் இங்கே வீச்சகம் இரண்டாக உடைகிறது: 1-உம் அதற்கு மேலும், −1-உம் அதற்குக் கீழும்.

எனக்குப் பிடித்த கேள்வி வேறு. டேனையும் கொசைனையும் பெருக்கினால்? சுருக்கினால் சைன். திரையிலும் அச்சு அசலாகச் சைன் அலைதான் தெரியும். ஆனால் 90°-இல் டேனுக்கு மதிப்பில்லை, பெருக்கவே வழியில்லை. அந்தப் புள்ளிகள் அலையிலிருந்து உதிர்ந்துவிடும். சரி, சார்பகத்தில் துளை விழுந்தால் வீச்சகத்துக்கு என்ன? சைன் 1-ஐயும் −1-ஐயும் தொடுவது அந்தப் புள்ளிகளில் மட்டும்தானே! எல்லா முகடுகளின் நுனியும், எல்லாப் பள்ளங்களின் அடியும் ஒன்றுவிடாமல் பறிபோகின்றன. 0.9999 கிடைக்கும், 1 கிடைக்காது. வீச்சகம் −1-க்கும் 1-க்கும் இடையே, முனைகள் நீங்கலாக.

கையால் வரைபவர்கள் அந்த நுனிகளில் குட்டி வெற்று வட்டம் போடுவார்கள். செயலி பெரும்பாலும் போடாது.