தாடையைத் தின்ற தீக்குச்சி

தீப்பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் கருஞ்சிவப்புப் பட்டையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பாஸ்பரஸ் அங்கேதான் இருக்கிறது, குச்சியின் தலையில் இல்லை. தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட், கந்தகம், கண்ணாடித் தூள், பசை. உரசும் சூட்டில் பட்டையிலுள்ள சிவப்பு பாஸ்பரஸில் ஒரு துணுக்கு வெள்ளை பாஸ்பரஸாக மாறிக் காற்றில் பற்றும். அந்தச் சூட்டில் குளோரேட் சிதைந்து ஆக்சிஜனை விட, கந்தகம் எரிந்து குச்சியும் பிடித்துக்கொள்ளும். சுவரில் தேய்த்தால் பொதுவாக எரியாது என்பதற்கு, மருந்தை இப்படி இரண்டு இடமாகப் பிரித்து வைத்ததுதான் காரணம்.

விக்டோரியா கால இங்கிலாந்தில் ஏழை எளியவர்கள் வாங்கியது வேறு சரக்கு. செங்கல், செருப்படி என எதில் தேய்த்தாலும் எரியும் குச்சி அது. வெள்ளை பாஸ்பரஸ் அதன் தலையிலேயே இருந்தது. வெள்ளை, சிவப்பு இரண்டிலும் அணு ஒன்றுதான், அடுக்குதான் வேறு. வெள்ளையில் நான்கு நான்கு அணுக்கள் இறுக்கி வளைத்த பிணைப்போடு தனித்தனி மூலக்கூறாக நிற்கும். அது 44 டிகிரி செல்சியஸில் உருகும். அதற்கு முன்பே, 30 டிகிரியைத் தாண்டியதும் காற்றில் பற்றக்கூடும். சிவப்பில் அணுக்கள் சங்கிலியாகக் கோத்துக்கிடப்பதால், அது பற்ற 240 டிகிரிக்கு மேல் வேண்டும்.

வெள்ளை சுலபமாக ஆவியாகும் என்பதில்தான் வினை. தொழிற்சாலையில் இரண்டு தீக்குச்சி நீளமுள்ள குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாகச் செருகி, சூடான பலகையில் பரப்பிய பாஸ்பரஸ் பசையில் இரு முனைகளையும் முக்குவார்கள். உலர்ந்த பின் நடுவே வெட்டிப் பெட்டியில் அடைக்க வேண்டும். கலப்பவர், முக்குபவர், அடைக்கும் பெண்கள் என எல்லாரும் நாள் முழுக்க அந்த ஆவிக்குள். சாப்பாடும் வேலை மேசையிலேயே. விரலில் ஒட்டிய பாஸ்பரஸ் ரொட்டியோடு வாய்க்குள் போகும்.

முதலில் பல்வலி வரும். சொத்தைப் பல்லைப் பிடுங்கினால் குழி ஆறாது. ஈறு விலகி எலும்பு வெளியே தெரியும், நாற்றமடிக்கும் சீழ் வடியும், பிறகு தாடையெலும்பு துண்டு துண்டாகச் செத்துப்போகும். அறுத்தெடுப்பதைத் தவிர வழி இல்லை. வியன்னாவில் லோரின்சர் என்ற மருத்துவர் 1845-இலேயே இதை விவரித்துவிட்டார். எலும்புத் தேய்மானத்துக்கும் புற்றுநோய்க்கும் தரப்படும் பிஸ்பாஸ்போனேட் மருந்துகளால் சிலருக்கு இதே போலத் தாடை அழுகுவது 2003-இல் பதிவானபோது, பழைய நோயின் சூட்சுமம் ஓரளவு பிடிபட்டது. பழைய எலும்பை அரித்துப் புதியதற்கு இடம் விடும் செல்களை இந்த மருந்துகள் முடக்குகின்றன. வாய்க்குள் மெல்லிய ஈறும் ஏராளமான பாக்டீரியாவும் இருப்பதால் அடி முதலில் தாடைக்கு.

மாற்று இல்லாமலா? வியன்னாவின் ஷ்ரோட்டர் 1840களிலேயே சிவப்பு பாஸ்பரஸைத் தயாரித்துக் காட்டிவிட்டார். ஸ்வீடனின் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதை வைத்துப் பாதுகாப்புத் தீப்பெட்டி செய்தார்கள். அதன் பிரிட்டிஷ் உரிமையை 1855-இல் வாங்கியது லண்டனின் பிரையன்ட் அண்ட் மே கம்பெனி. உரிமையைக் கையில் வைத்துக்கொண்டே வெள்ளைக் குச்சியையும் பல்லாண்டுகள் விற்றது. அது மலிவு, வாங்குவோருக்கும் எங்கும் எரியும் குச்சியே வசதி.

1888 ஜூலையில் அந்தத் தொழிற்சாலையின் சுமார் 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலையை விட்டு வெளியேறினார்கள். கால் அழுக்கு, பேச்சு என்று எதற்கெடுத்தாலும் அபராதம் என்பதை அதற்கு முந்தைய மாதம் எழுதி அம்பலப்படுத்தியவர் அன்னி பெசன்ட். ஆமாம், பின்னாளில் அடையாறுக்கு வந்த அதே பெசன்ட்தான். அபராதம் ஒழிந்தது, சாப்பிடத் தனி அறையும் கிடைத்தது. வேதியியல் கண்ணோடு பார்த்தால் இரண்டாவதுதான் பெரிய வெற்றி: விஷம் வாய்க்குப் போகும் ஒரு வழியாவது குறைந்தது. ஆனால் பாஸ்பரஸ் மாறவில்லை. 17 தாடை நோயாளிகளைப் பற்றித் தகவல் தராமல் மறைத்ததற்காக 1898-இல் கம்பெனி கட்டிய அபராதம் 25 பவுண்டு சொச்சம்.

அதே 1898-இல் பிரான்சில் செவென், காஹென் இருவரும் பாஸ்பரஸ் செஸ்குவிசல்பைடைக் குச்சியின் தலைக்குக் கொண்டுவந்தார்கள். நான்கு பாஸ்பரஸ் அணுக்களோடு மூன்று கந்தக அணுக்கள் சேர்ந்த பொருள் இது. சுமார் 100 டிகிரியில் பற்றும், எங்கு தேய்த்தாலும் எரியும், தாடையைத் தின்னாது. "வசதி போய்விடும்" என்ற சாக்கு அதோடு செத்தது. ஃபின்லாந்து 1872-இலேயே தடை செய்துவிட்ட வெள்ளைக் குச்சியை பிரிட்டன் 1908-இல் சட்டம் போட்டு 1910 முதல் நிறுத்தியது. இந்தியாவில் தடைச்சட்டம் 1913-இல் வந்தது. அதனால் 1920களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தலையெடுத்தபோது, அங்கே கலக்கிய மருந்தில் வெள்ளை பாஸ்பரஸுக்கு இடமே இருக்கவில்லை.