ஒளிச்செறிவுக் குறுக்கீட்டளவியல்: சொல் விளக்கம்

தனித்தனியே நிற்கும் தொலைநோக்கிகளை இணைத்து விண்மீனின் கோண விட்டத்தை, அதாவது வானில் அது நமக்குத் தோன்றும் கோண அகலத்தை, அளக்கும் intensity interferometry என்ற முறைக்குத் 'தீவிர குறுக்கீட்டுமானி' என்று பெயரிடுவது அறிவியல் கட்டுரைகளில் வழக்கமாகி வருகிறது. இது தவறான ஆக்கம்.

ஒன்றையொன்று அடித்துக்கொள்வதைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழியில் வந்த interference என்ற ஆங்கிலச் சொல்லை, இயற்பியலாளர் தாமஸ் யங், ஒளியலைகள் சந்தித்து ஒன்றையொன்று வலுப்படுத்துவதற்கும் குறைப்பதற்கும் ஆண்டார். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அதைக் குறுக்கீடு என்று நிலைநிறுத்திவிட்டன. அதில் எனக்கு மறுப்பில்லை.

மறுப்பு, intensity என்பதற்கு இட்ட 'தீவிர' என்பதில்தான். காய்ச்சல் தீவிரமாகும், புயல் தீவிரமடையும்; ஒளிக்கு நம் வகுப்பறைகள் நெடுங்காலமாக வழங்குவது செறிவு. அதைவிடப் பெரிய கேடு, 'தீவிர' என்பது பெயரடையாக நின்று, கருவியே தீவிரமானது என்ற பொருளைத் தந்துவிடுகிறது. அளக்கப்படுவது எது என்பதே இங்கு முறையின் உயிர். 1956இல் இம்முறையை உருவாக்கிய ஹான்பரி பிரவுனும் டுவிஸும் தேடுவிளக்குக் கண்ணாடிகள் இரண்டைக் கொண்டு சிரியஸ் விண்மீனை அளந்தபோது, இரு கண்ணாடிகளின் ஒளியையும் ஓரிடத்தில் சேர்க்கவே இல்லை. ஒவ்வொன்றிலும் ஒளிச்செறிவில் எழும் நுண்ணிய ஏற்ற இறக்கங்களை மின்னோட்டமாக்கி, அவை எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்த்தார்கள். கண்ணாடிகளை விலக்க விலக்க அந்த ஒப்புமை குறையும். குறையும் விதத்திலிருந்து விட்டம் கிடைக்கும். பின்னர் ஆஸ்திரேலியாவின் நராப்ரியில், 188 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தண்டவாளத்தில் நகர்ந்த இரண்டு 6.5 மீட்டர் எதிரொளிப்பான்கள் 32 விண்மீன்களை இவ்வாறே அளந்தன. (ஹான்பரி பிரவுன் பிறந்தது நீலகிரியின் அரவங்காட்டில் என்பதைத் தமிழ் வாசகர் அறிந்திருப்பது நல்லது.) செறிவு என்ற சொல் விடுபட்டால் இத்தனையும் பெயரிலிருந்து மறைந்துபோகிறது.

வேதியியலில் கரைசலுக்கும் செறிவு உண்டே, குழப்பம் வராதா என்பார்கள். 'ஒளிச்செறிவு' என்று முழுமையாக எழுதினால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

'மானி' என்பதும் கருவிக்கே உரியது. முறைக்கு 'அளவியல்' வேண்டும். அரிசோனாவில் காமாக் கதிர் ஆய்வுக்காக நிறுவிய வெரிட்டாஸின் நான்கு 12 மீட்டர் தொலைநோக்கிகளைக் கொண்டு இரு விண்மீன்களை அளந்த செய்தி 2020இல் வந்தது. அங்கே புதிதாகப் பயன்பட்டது முறை. அதை மானி என்று எழுதினால், ஏதோ புதுக் கருவியை வாங்கி வைத்ததாகவே வாசகர் கொள்வார். அகராதியில் முதலில் நிற்கும் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு, வல்லொற்றையும் விட்டுவிட்டு நகரும் மொழிபெயர்ப்பாளர்கள், பாடநூலின் கலைச்சொல் பட்டியலை ஒருமுறை புரட்டியிருந்தாலே 'ஒளிச்செறிவுக் குறுக்கீட்டளவியல்' என்று எழுதியிருப்பார்கள்.