தரையில் வரைந்த பெட்டி எழுந்து நிற்பது எப்படி?

அளவு நாடாவை விரித்த பிறகே சாக்பீஸைத் தொட வேண்டும். பார்ப்பவரின் கண் எங்கே இருக்கும் என்று முடிவாகாமல் ஒரு கோடும் போட முடியாது.

கேமரா 1.5 மீட்டர் உயரத்தில், ட்ரைபாடில் இருக்கட்டும். அதற்கு நேர் கீழே தரையில் ஒரு புள்ளி வையுங்கள். அங்கிருந்து 2 மீட்டர் தள்ளி, 40 செ.மீ. பக்கமுள்ள சதுர அடிப்பாகமும் 30 செ.மீ. உயரமும் உள்ள பெட்டி நிற்பதாகத் தெரிய வேண்டும். லென்ஸிலிருந்து அந்தக் கற்பனைப் பெட்டியின் மேல் முனையைத் தொட்டபடி நூலை நீட்டினால் தரையில் எங்கே முட்டுமோ, அங்கேதான் அந்த முனையை வரைய வேண்டும். வடிவொத்த முக்கோணக் கணக்குத்தான்: 1.5 ÷ (1.5 – 0.3) = 1.25. மேல் முனைகள் எல்லாமே கேமராவுக்கு நேர் கீழே வைத்த புள்ளியிலிருந்து 1.25 மடங்கு தள்ளிப் போகும்.

ஆக, முன்பக்கம் 2 மீட்டரில் 40 செ.மீ. அகலத்தில் தொடங்கி, 2.5 மீட்டரில் 50 செ.மீ. ஆக விரியும் சரிவகம். மேல்பக்கம் 2.5 முதல் 3 மீட்டர் வரை அசல் சதுரம், 50 செ.மீ. பக்கம். மூலை சரியாக இருக்கிறதா என்று கொத்தனார் பார்ப்பதுபோல 3-4-5 நூல் (பக்கங்கள் அந்த விகிதத்தில் இருந்தால் மூலை செங்கோணம்) போட்டுச் சரிபாருங்கள்.

பலரும் சறுக்குவது நிழலில். நிழல் தரையிலேயே கிடப்பது. அதன் உயரம் பூஜ்யம். அதையும் 1.25 மடங்கு இழுத்தால் பெட்டியின் அடியை விட்டு விலகிவிடும், பெட்டி மிதக்கும். நிழல் விழும் திசையும் அங்குள்ள நிஜ வெளிச்சத்தோடு ஒத்துப்போக வேண்டும். டைல்ஸ் இடுக்குகள் படத்துக்குள் தெரிந்தாலும் கதை முடிந்தது. சொரசொரப்பில்லாத சிமெண்ட் தரையே உத்தமம்.

கேமரா 10 செ.மீ. இறங்கினால் பெட்டியின் உயரம் 28 செ.மீ. ஆகக் குறையும், யாருக்கும் தெரியாது. பக்கவாட்டில் 50 செ.மீ. நகர்ந்தாலோ மேல்பக்கம் 10 செ.மீ. உங்கள் பக்கமாகச் சாய்ந்துவிடும். நேரில் பார்ப்பவர்கள் ஒரு கண்ணை மூடிக்கொள்வது நல்லது. இரண்டு கண்ணும் சேர்ந்தால் தரை தட்டை என்பதைக் கண்டுபிடித்துவிடும்.

ரோமின் சான்ட் இக்னாசியோ தேவாலயத்தில் 1685இல் ஓவியர் அந்திரேயா பொட்சோ தட்டையான துணியில் குவிமாடம் வரைந்ததும் இதே கணக்கில்தான். எங்கே நின்று பார்ப்பது என்று அங்கே தரையிலேயே அடையாளம் உண்டு. டோக்கியோவின் ஷின்ஜுகுவில் 2021 முதல் எட்டிப் பார்க்கும் ராட்சதப் பூனையும் வளைந்த எல்.இ.டி. திரையில், கீழே நிற்கும் கூட்டத்தின் கோணத்துக்கென்றே உருவாக்கியது. இந்த வகைத் திரைகளில் ஒரு கூடுதல் தந்திரம் உண்டு. காட்சிக்குள்ளேயே ஒரு சட்டத்தை வரைந்து, பூனையின் பாதம் அதை மறைக்கும்படி வைப்பார்கள். சட்டத்தைத் திரையின் விளிம்பு என்று நம்பும் மூளை, பாதம் வெளியே நீள்வதாக முடிவுகட்டிவிடும்.