வன சம்ரக்ஷண சமிதி: இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

குமுளி, வண்டிப்பெரியாறு, கொழிஞ்சாம்பாறை, அட்டப்பாடி என்று கேரளத்து ஓரமாக வாழும் தமிழர்களுக்கும், வடக்கே குப்பம், பலமநேர், சித்தூர் என்று ஆந்திரத்து ஓரமாக வாழும் தமிழர்களுக்கும் பொதுவாக ஒரு அரசாங்கச் சொல் உண்டு. வன சம்ரக்ஷண சமிதி. முழுசாக யாரும் சொல்வதில்லை, வி.எஸ்.எஸ். என்றுதான் சொல்வார்கள். நடுவில் இருக்கிற தமிழ்நாட்டில் மட்டும் இந்தப் பெயர் கிடையாது, அங்கே இதே ஏற்பாட்டுக்குக் கிராம வனக்குழு என்று பெயர். எல்லை தாண்டிப் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற ஊர்கள், ஒரே காட்டை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்க்கிற ஊர்கள், ஆனால் குழுவுக்கு மட்டும் பெயர் வேறு வேறு. தமிழில் மனு எழுதும்போதும் செய்தி எழுதும்போதும் ஆளுக்கொரு மாதிரி எழுதுகிறார்கள் என்பதால், இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம்.

முதலில் பொருள். காட்டை ஒட்டி வாழும் ஊர்க்காரர்களும் வனத்துறையும் சேர்ந்து, ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு குறிப்பிட்ட காட்டுப் பகுதியைப் பார்த்துக்கொள்வதற்காக அமைக்கிற குழு. தீ வராமல் பார்ப்பது, திருட்டு வெட்டைத் தடுப்பது, வெட்டி அழிந்த இடத்தில் மறுபடி மரம் வளரவிடுவது எல்லாம் ஊரின் பொறுப்பு. அதற்குப் பதிலாகத் தேன், நெல்லிக்காய், சீயக்காய், புளி, துடைப்பப்புல் மாதிரியான சிறுவனப் பொருட்களில் ஊருக்கு உரிமையும் வருமானமும். ஆந்திரத்தில் வீட்டுக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்று உறுப்பினராகச் சேர்ப்பார்கள். தலைவர் ஊர்க்காரர், செயலாளர் பெரும்பாலும் வனத்துறை ஊழியர். இந்தச் செயலாளர் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். குமுளியில் வி.எஸ்.எஸ். என்பதைவிட ஈ.டி.சி. என்ற பெயர்தான் அதிகம் காதில் விழும். புலிகள் காப்பகம், சரணாலயம் இருக்கிற இடத்தில் ஈ.டி.சி., அதாவது சூழல் மேம்பாட்டுக் குழு. மற்ற காட்டுப் பகுதியில் வி.எஸ்.எஸ். கேரளத்தில் வித்தியாசம் அவ்வளவுதான்.

இனி சொல். மூன்றுமே வடமொழி. வனம் நமக்குப் புதிதில்லை, வனத்துறை என்று நாமே வைத்துக்கொண்டிருக்கிறோம். தமிழில் இதற்குச் சொல் பஞ்சமே இல்லை: காடு, கான், கானகம், பொழில், சோலை, கா. இந்தக் 'கா' எனக்கு ரொம்பப் பிடித்த சொல். பெயராக வந்தால் சோலை, வினையாக வந்தால் காப்பாற்று. கேரளத்தில் கோயிலை ஒட்டி வெட்டாமல் விட்டிருக்கிற மரக்கூட்டத்தைக் காவு என்பார்கள், அதுவும் இந்தக் கா தான்.

ஆனால் பேச்சில் வனமும் இல்லை காடும் இல்லை, 'பாரஸ்ட்' தான். கவனித்தால் தெரியும், பாரஸ்ட் என்றால் மரம் இல்லை, ஆள். "பாரஸ்ட் வந்துட்டாங்க, மாட்ட ஓட்டு" என்பதில் வருவது யார்? அதே வாயால் "காட்டுக்குப் போய் ரெண்டு வெறகு பொறக்கிட்டு வாரேன்" என்றும் சொல்வார்கள். காடு தன்னுடையது, பாரஸ்ட் அவர்களுடையது. இது அறியாமையில் வந்த பிரிவினை இல்லை. ஃபாரஸ்ட் என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலத்துக்கே 'வெளியே' என்றுதான் பொருள் சொல்கிறார்கள். ஊராருக்குப் பொதுவான நிலத்துக்கு வெளியே, அரசன் தன் வேட்டைக்கென்று ஒதுக்கி வைத்த நிலம். நம் ஊர்க்காரர்கள் லத்தீன் படிக்காமலேயே சரியாகப் பிடித்திருக்கிறார்கள்.

சம்ரக்ஷணம் என்பதில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். சம் என்றால் நன்றாக, முழுசாக. ரக்ஷ் என்றால் காப்பது. அதனால் நேராகப் 'பாதுகாப்பு' என்று போட்டு, வனப் பாதுகாப்புக் குழு என்று எழுதிவிடுகிறார்கள். தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் பழைய தமிழ் உரைநடையில் இந்தச் சொல் 'சம்ரட்சணை' என்று நன்றாகவே புழங்கியது. குடும்ப சம்ரட்சணை என்று எழுதுவார்கள். குடும்பத்துக்குக் காவல் நிற்பது இல்லை அது, சோறு போட்டு வளர்ப்பது, தாங்குவது. காப்பதும் ஊட்டுவதும் ஒரே சொல்லில். காடு காப்பதையும் ஊர் பிழைப்பதையும் ஒன்றாகக் கட்டுகிற ஒரு திட்டத்துக்கு, பெயர் வைத்தவர்கள் தெரிந்து வைத்தார்களோ தெரியாமல் வைத்தார்களோ, சரியான சொல்தான் விழுந்திருக்கிறது. அதைப் பாதுகாப்பு என்று சுருக்கினால் ஊட்டுகிற பாதி காணாமல் போகிறது.

'காப்பு' என்று போடுவதில் இன்னொரு சிக்கல். ரிசர்வ் ஃபாரஸ்டுக்குத் தமிழில் காப்புக்காடு என்றுதான் அரசாணையிலேயே பெயர். நல்ல பழைய சொல். சங்க காலத்தில் கோட்டையைச் சுற்றி வளர்த்த காவற்காட்டுக்கு மிளை என்று பெயர். குறளும் 'அணிநிழற் காடும் உடைய தரண்' என்று அரணின் பட்டியலில் காட்டைச் சேர்க்கிறது (742). அங்கே காடு ஊரைக் காத்தது. 1882-ல் வந்த சென்னை வனச் சட்டத்துக்குப் பிறகு காப்புக்காடு என்பது ஊரிடமிருந்து காக்கப்படும் காடு ஆகிவிட்டது. நேற்றுவரை விறகு எடுத்தவன் திருடன், மாடு மேய்த்தவன் குற்றவாளி. எங்கள் பக்கம் 'காப்பு' என்றால் கையில் மாட்டுகிற விலங்கும்தான், அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆக வி.எஸ்.எஸ்.ஸை வனக் காப்புக் குழு என்று மொழிபெயர்த்தால், எதை மாற்றுவதற்காக இந்த ஏற்பாடு வந்ததோ அதன் வாசனையே திரும்ப அடிக்கும்.

அதனால் என் வோட்டு 'பேணல்' என்ற சொல்லுக்கு. உடம்பைப் பேணுகிறோம், பெற்றோரைப் பேணுகிறோம், அதில் காவலும் இருக்கிறது கவனிப்பும் இருக்கிறது. ஓம்பல் என்றும் சொல்லலாம், ஆனால் வாட்ச்சர் வேலைக்குப் போகிற அண்ணனிடம் போய் ஓம்பல் குழு என்றால் சிரிப்பார்.

அடுத்தது சமிதி. சம் + இதி, கூடிப் போவது, ஓரிடத்தில் சேர்வது. ரிக் வேதத்திலேயே சபா, சமிதி என்று இரண்டு வருகிறது. சமிதி என்பது எல்லாரும் கூடுகிற பெரிய கூட்டம் என்றே பலரும் பொருள் கொள்கிறார்கள். தெலுங்கிலும் மலையாளத்திலும் இது சாதாரணச் சொல், தமிழில் கட்சிப் பெயராகத்தான் கேள்விப்பட்டிருப்போம். குழு என்று போடலாம். வாரியம் என்று போட்டால் வரலாறு கூடும். உத்திரமேரூரில் 919, 921-ம் ஆண்டுக் கல்வெட்டுகளில் குடவோலை போட்டுத் தேர்ந்தெடுத்தவர்களின் ஏரி வாரியம், தோட்ட வாரியம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் இன்றைக்குக் காட்டு வாரியம் என்றால் மின்வாரியத்துக்கு அண்ணன் தம்பி மாதிரி ஆகிவிடும். விட்டுவிடலாம்.

குழு போதுமா என்றால், அதிலும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. கேரளத்தில் பழங்குடிக் குடியிருப்புகளின் பொதுக் கூட்டத்துக்கு ஊருகூட்டம் என்று பெயர், அரசாங்கத் தாள்களிலும் அதே பெயர்தான். ஊர்க்கூட்டம்! இதைவிட நல்ல தமிழ் எங்கே தேடுவது? ஊர் முழுக்க உட்கார்ந்து முடிவெடுத்தால் ஊர்க்கூட்டம், அதிலிருந்து வேலைக்கென்று பத்துப் பதினைந்து பேரைப் பிரித்தால் குழு. இந்த வித்தியாசம் சட்டத்திலும் இருக்கிறது. 2006-ல் நிறைவேறி 2007 டிசம்பர் 31-ல் நடைமுறைக்கு வந்த வன உரிமைச் சட்டம், சமூகக் காட்டு வளத்தைப் பேணவும் நிர்வகிக்கவும் உள்ள உரிமையைக் கிராம சபையிடம்தான் வைக்கிறது. வனத்துறை ஆணை போட்டு உண்டாக்கிய சமிதியிடம் இல்லை. கேரளத்தில் வாழச்சால் பகுதியில் வாழும் காடர் பழங்குடிகளுக்கு 2014-ல் இந்த உரிமை கிடைத்தபோது, காட்டைப் பற்றி முடிவு சொல்லும் இடம் ஊர்க்கூட்டம் என்றானது. ஒரு பக்கம் உரிமை, இன்னொரு பக்கம் ஏற்பாடு. வி.எஸ்.எஸ். ஏற்பாடு. ஆணை போட்டவர்கள் நினைத்தால் திருத்தலாம், கலைக்கலாம்.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது? மேற்கு வங்காளத்தில் அராபாரி என்ற இடம். 1972-ல் அஜித் குமார் பானர்ஜி என்ற வன அலுவலர், வெட்டி வெட்டி மொட்டையாகிப் போன சால் மரக் காட்டைச் சுற்றியிருந்த ஊர்களோடு பேசி, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், வேலையும் தருகிறோம், கடைசியில் விளைச்சலில் 25 சதவீதம் உங்களுக்கு என்றார். சால் அடிக்கட்டையிலிருந்தே துளிர்க்கிற மரம், ஆடு மாடும் கோடாலியும் விலகினால் போதும், தானாக எழும்பிவிடும். எழும்பியது. 1988-ல் வந்த தேசிய வனக் கொள்கை மக்களின் தேவையைப் பற்றிப் பேசியது, 1990 ஜூன் 1-ல் மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. ஆந்திரம் 1992-ல் தொடங்கி ஆயிரக்கணக்கில் சமிதிகளை அமைத்தது. தமிழ்நாட்டில் 1997-ல் ஜப்பான் கடனுதவியோடு வந்த காடு வளர்ப்புத் திட்டத்தில் கிராம வனக்குழுக்கள் பெருகின. கேரளம் 1998-ல். அதற்கெல்லாம் முன்னால் 1910-களிலேயே சென்னை மாகாணத்தில் மேய்ச்சல் காடுகளை ஊர்ப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துப் பார்த்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

இந்த முறைக்கு மூன்று மொழியிலும் வைத்திருக்கிற பொதுப் பெயர்தான் உண்மையில் சுவாரசியம். தமிழில் கூட்டு வன மேலாண்மை. தெலுங்கில் உம்மடி அடவி யாஜமான்யம். உம்மடி என்றால் கூட்டுக் குடும்பத்தில் வருகிற அந்தக் கூட்டு, யாஜமான்யம் என்பதற்குள் எஜமான் உட்கார்ந்திருக்கிறார். மலையாளத்தில் பங்காளித்த வனபரிபாலனம். குமுளிக்குப் புதிதாக வருகிற தமிழர் யாராவது போர்டை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு 'பங்காளிச் சண்டையா?' என்று கேட்டால் குறை சொல்ல முடியாது. மலையாளத்தில் பங்காளி என்றால் கூட்டாளி, துணை, இப்போதெல்லாம் வாழ்க்கைத் துணைவரையும் அப்படியே சொல்கிறார்கள். நமக்குப் பங்காளி என்றால் சொத்தில் உரிமை உள்ளவன். பங்கு + ஆளி, பங்கை ஆள்பவன். பகு, பகிர், பங்கு எல்லாவற்றையும் ஒரே வேரில் வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு.

நம் ஆட்கள் இதற்கு 'பங்கேற்பு' என்று எழுதுகிறார்கள். பங்கேற்பு வன மேலாண்மை. பங்கேற்பது என்றால் என்ன, விழாவில் பங்கேற்றார், கூட்டத்தில் பங்கேற்றார். வந்தார், டீ குடித்தார், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார், போனார். பல சமிதிகள் அப்படித்தான் நடக்கின்றன என்பது வேறு விஷயம், அந்த வகையில் மொழிபெயர்ப்பு துல்லியம்தான்! செயலாளர் வனத்துறைக்காரர், நோட்டு அவர் கையில், வங்கிக் கணக்கில் அவர் கையெழுத்து இல்லாமல் பணம் நகராது, அப்புறம் திட்டப் பணம் நின்ற அன்றைக்குக் கூட்டமும் நின்றுபோகும். பங்கு உரிமை இல்லாத பங்கேற்பு அவ்வளவுதான் போகும்.

பங்கு கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குக் குமுளியை ஒட்டிய பெரியாறு புலிகள் காப்பகமே சாட்சி. 1990-களின் பின்பாதியில் உலக வங்கி உதவியோடு சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தபோது, காட்டுக்குள் திருட்டுத்தனமாக வயணைப் பட்டை உரித்துக்கொண்டிருந்தவர்கள் சிலரைப் பிடித்து உள்ளே தள்ளாமல் பேசிப் பார்த்தார்கள். வயணை என்பது காட்டு இலவங்கப்பட்டை மரம். பட்டையை உரித்தால் மரம் போச்சு. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து முன்னாள் வயணைப் பட்டை சேகரிப்போர் குழு என்றே வெளிப்படையாகப் பெயர் வைத்துக்கொண்டார்கள். என்ன தைரியம் பாருங்கள், முன்னாள் தொழிலைப் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள். தடம் பார்க்கத் தெரிந்தவர்கள், எந்தப் பள்ளத்தில் எந்த நேரத்தில் ஆள் நுழைவான் என்று தெரிந்தவர்கள். அவர்கள்தான் சுற்றுலாக்காரர்களை மூங்கில் தெப்பத்தில் கூட்டிப்போனார்கள், காவலும் சுற்றினார்கள், அந்த வருமானத்தில்தான் குடும்பம் நடந்தது. தமிழ்நாட்டுப் பக்கத்து ஆட்களைக் கொண்டு 'விடியல்' என்று தமிழ்ப் பெயரிலேயே ஒரு குழுவும் வந்தது. மன்னான், பளியர் குடிகளிலிருந்து வழிகாட்டிகள் வந்தார்கள். 2002-ல் பெண்கள் வசந்தசேனை என்று கூடி, சம்பளம் இல்லாமல் முறை வைத்துக் காட்டைச் சுற்றி வரத் தொடங்கினார்கள். இதில் எல்லாமே தேன் ஒழுகிற கதை இல்லை. சுற்றுலா நின்றால் வருமானம் நிற்கும், ஊர் முழுக்கவும் இடம் கிடைக்காது. ஆனால் அவர்களைப் பங்கேற்றவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வாழ்வாதாரம் என்ற சொல்லையும் சேர்த்தே பார்த்துவிடுவோம். மலையாளத்தில் உபஜீவனம், தெலுங்கில் ஜீவனோபாதி, தமிழ் அரசாணையில் வாழ்வாதாரம். பேச்சில் பிழைப்பு, இன்னும் சரியாகப் பொழப்பு. பிழைத்தல் என்றால் சாகாமல் தப்பிப்பது. மழைக்காலத்தில் வேலை இல்லாத மாதங்களில் காட்டில் கிடைக்கிற கிழங்கும் கீரையும் அந்தத் தப்பித்தல்தான். திட்ட அறிக்கையில் வாழ்வாதார மேம்பாடு என்று எழுதுங்கள், பரவாயில்லை. ஊரில் பேசும்போது பிழைப்பு என்றே பேசலாம், அதில் தாழ்வு ஒன்றும் இல்லை.

சரி, கடைசியில் என்னதான் எழுதுவது? வன சம்ரக்ஷண சமிதி என்ற பெயரில் ஊர் இல்லை, யார் பேணுகிறார்கள் என்று அது சொல்வதில்லை. கிராம வனக்குழு என்பதில் ஊர் இருக்கிறது, என்ன செய்கிறது என்பது இல்லை. இரண்டையும் சேர்த்தால் 'காடு பேணும் ஊர்க்குழு'. முறைக்குப் பெயர் வேண்டுமென்றால் 'பங்குரிமைக் காடு பேணல்'. நீளம்தான், ஆனால் பங்கேற்பு வன மேலாண்மைக்கும் இதே பதினொரு எழுத்துதான், எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். பொதுக் கூட்டத்தை ஊர்க்கூட்டம் என்றே எழுதலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை, இது கட்டுரைக்கும் செய்திக்கும் பேச்சுக்கும். பாலக்காட்டிலோ சித்தூரிலோ அலுவலகத்துக்கு மனு கொடுக்கிறீர்கள் என்றால் பதிவான பெயரை மாற்றாதீர்கள், வன சம்ரக்ஷண சமிதி என்றே எழுதி, பக்கத்தில் ஊர்ப் பெயரையும் பதிவு எண்ணையும் போட்டு, அதற்குக் கீழே தமிழ்ப் பெயரைப் போடுங்கள். இல்லையென்றால் அப்படி ஒரு குழுவே எங்கள் பதிவேட்டில் இல்லை என்று மனுவைத் திருப்பிவிடுவார்கள்.